கேன்டீனில் தெரிவது நோட்டீஸ் போர்டில் ஏன் இல்லை?

கோவைப் பக்கம் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் நான் கணக்குப் பிரிவில் இளநிலை ஊழியனாக இருந்த காலம். ஜனவரி மாதத்தில் ஒரு நாள், காலைத் தேநீருக்குப் போனபோது கேன்டீன் நடத்தியவர் போண்டாத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏனுங்க சார், கம்பெனிய மூடறாங்களாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. வருடா வருடம் பன்னிரண்டு மாதத்துக்குப் போடும் கேன்டீன் காண்டிராக்டை அந்த முறை மூன்றே மாதத்துக்குப் போட்டிருந்தார்கள். “மூணு மாசத்துக்கப்புறம் சோறு திங்க ஆள் இருக்காதுன்னுதானுங்களே அர்த்தம்?”

மதியத்துக்குள் பேச்சு ஃபவுண்டரி வரை போய்விட்டது. மாலை ஷிப்ட் ஏறும்போது துணைச் சான்றுகளும் சேர்ந்திருந்தன. போன வாரம் நாலு பேர் வந்து லேத் மெஷின்களை போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களே, எதற்கு? ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியனின் இடத்துக்கு ஏன் இன்னும் ஆள் எடுக்கவில்லை? சம்பள ஒப்பந்தப் பேச்சு ஏன் தள்ளிக்கொண்டே போகிறது? ஒருவர் டைம் ஆபீஸுக்குப் போய்த் தன் பி.எஃப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தார். அவரைப் பார்த்து மறுநாள் பத்துப் பேர் விசாரித்தார்கள். பத்துப் பேர் விசாரித்ததே பதினோராவது ஆளுக்குச் சான்றாகிவிட்டது. நோட்டீஸ் போர்டில் அப்போதும் பொங்கல் விடுமுறை அறிவிப்புதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று மாதக் கதை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இணைப்பு, இடமாற்றம், புது இயந்திரம், ஆட்குறைப்பு என்று ஒரு நிறுவனம் மாறும்போதெல்லாம் ஊழியர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். பேசினால் மனம் ஆறும், ஒத்துழைப்பு கூடும் என்பது அவர்கள் தரும் காரணம். சரிதான். ஆனால் நான் சொல்ல வருவது அதைவிடக் கறாரான விஷயம்.

முன்கூட்டிச் சொல்லப்படும் உண்மை, ஊழியருக்குக் கிடைக்கும் கால அவகாசம். வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதா, பிள்ளையை இந்த ஊரிலேயே ஆறாம் வகுப்பில் சேர்ப்பதா, பாதியில் விட்ட டிப்ளமோவை முடிப்பதா, சீட்டை எடுப்பதா விடுவதா என்பதெல்லாம் அந்த அவகாசத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள். நிர்வாகம் விஷயம் தெரிந்தும் வாய் திறக்காத ஒவ்வொரு வாரமும் அதிலிருந்து ஒரு வாரம் பிடித்தமாகிறது. சம்பளப் பிடித்தத்துக்காவது ரசீது உண்டு.

மேஜை மேல் இரண்டு பைஜாமா

பேசுவதால் உற்பத்தி கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் ஹார்வுட் என்றொரு பைஜாமா ஆலை. சுமார் 500 பெண்களும் 100 ஆண்களும் வேலை பார்த்தார்கள். பீஸ் ரேட் கூலி. ஒவ்வொரு முறை வேலைமுறையை மாற்றும்போதும் அங்கே ஒரே தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைகள் மந்தமாகிவிடும். சூப்பர்வைசரோடு சச்சரவு வரும். அனுபவசாலிகள் வேலையை விட்டுப் போவார்கள். 1947 வாக்கில் அந்த ஆலையைச் சேர்ந்த லெஸ்டர் கோச்சும் உளவியலாளர் ஜான் ஃபிரெஞ்சும் இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள். அவர்களது கட்டுரை 1948இல் வெளியானது.

மாற்றம் என்னவோ சின்னதுதான். துணியை அயர்ன் செய்யும் ஒரு குழு, முடித்த உருப்படிகளை அரை டஜனாக ஓர் அட்டைமேல் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தது. இனிமேல் அட்டைக்குப் பதிலாகப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவே. திருப்பூரில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பீஸ் ரேட்டில் இந்தச் சின்ன மாற்றம் சனிக்கிழமைக் கூலியில் எப்படி வந்து நிற்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். இந்தக் குழுவிடம் வழக்கம்போலவே நடந்துகொண்டார்கள். கூட்டினார்கள், போட்டியினால் மாற்றம் தேவைப்படுகிறது என்றார்கள், புது ரேட்டைச் சொன்னார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்லி அனுப்பினார்கள்.

மற்றக் குழுக்களிடம் வேறு மாதிரி தொடங்கினார்கள். மேஜை மேல் இரண்டு உடுப்புகளை வைத்தார்கள். இரண்டும் அந்த ஆலையிலேயே தைத்தவை, பார்வைக்கு ஒன்றே போலிருந்தன. ஒன்று 1946இல் விற்றது. இன்னொன்று 1947இல் அதில் பாதி விலைக்குப் போனது. எது மலிவானது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அத்தனை அனுபவமுள்ளவர்களாலும் முடியவில்லை. செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நெருக்கடி எப்படிப்பட்டது என்பது அந்த மேஜையிலேயே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான், எந்த வேலையைச் சுருக்கலாம், புது முறையை எப்படி அமைக்கலாம், ரேட்டை எப்படிக் கணக்கிடலாம் என்ற பேச்சு. ஒரு குழு தன் பிரதிநிதிகளை அனுப்பியது. இரண்டு சிறு குழுக்களில் எல்லோருமே உட்கார்ந்து பேசினார்கள். யோசனைகள் வந்து விழுந்த வேகத்தில் குறிப்பெடுப்பவர் திணறிப்போனாராம்.

விளைவு? அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி சரிந்தது, பழைய நிலைக்கு மீளவே இல்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் சில நாட்களிலேயே பழைய அளவைப் பிடித்து, பிறகு அதையும் சுமார் 14 சதவீதம் தாண்டின, ஒருவர்கூட விலகவில்லை. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுமார் இரண்டரை மாதம் கழித்து, அந்த முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களையே வேறொரு வேலைக்கு மாற்ற வேண்டி வந்தது. இந்த முறை அவர்களையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அதே ஆட்கள், சண்டைக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள், மளமளவென்று மேலே போனார்கள். “நம்மாளுங்களுக்கு மாற்றமே பிடிக்காது சார்” என்று சொல்லும் அதிகாரிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

தொண்ணூறு நிமிடமும் பதினைந்து நிமிடமும்

நல்ல செய்தியைப் பகிர்வதில் யாருக்கும் சிரமமில்லை. கெட்ட செய்திக்குத்தான் சோதனை. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, ஒரே நிறுவனத்தின் மூன்று அமெரிக்க ஆலைகளைப் பற்றியது. ஆர்டர் குறைந்ததால் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. ஓர் ஆலையில் தலைவரே வந்து சுமார் 90 நிமிடம் கணக்குகளைக் காட்டி விளக்கினார், வருத்தம் தெரிவித்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். மற்றதில் 15 நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. காரணம் என்று பெரிதாக எதையும் சொல்லவில்லை. மூன்றாவது ஆலையில் வெட்டு இல்லை.

அந்தப் பத்து வாரத்தில் சம்பளம் வெட்டப்பட்ட இரண்டு ஆலைகளிலுமே பொருட்கள் காணாமல் போவது கூடியது. ஆனால் 15 நிமிடக் கூட்டம் நடந்த ஆலையில் அது வெகுவாகக் கூடியது. சம்பளம் பழையபடி ஆனதும் திருட்டும் பழையபடி குறைந்தது. இரண்டு இடத்திலும் பறிபோன தொகை ஒன்றுதான். 90 நிமிட ஆலையில் பணத்தோடு நின்றது. இன்னோர் ஆலையில் மரியாதையும் சேர்ந்து போனது. போன மரியாதையை மனிதர்கள் ஏதாவது ஒரு வழியில் வசூல் செய்துகொள்கிறார்கள்.

போஹும் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை

ஒரே நிறுவனம் இதில் தோற்று, பாடம் கற்று, மறுபடியும் சிக்கிய கதை நோக்கியாவுடையது. 2008 ஜனவரியில் ஜெர்மனியின் போஹும் நகரிலிருந்த தன் ஆலையை மூடப்போவதாக அது திடீரென்று அறிவித்தது. 2,300 பேரின் வேலை. அடுத்த சில நாட்களில் சுமார் 15,000 பேர் தெருவில் இறங்கினார்கள். வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கொடு என்றன அரசுகள். அந்த நிறுவனத்தின் கைபேசியைப் புறக்கணிப்போம் என்ற குரலும் எழுந்தது.

2011இல் அதைவிடப் பெரிய ஆட்குறைப்பு வந்தது: 13 நாடுகளில் 18,000 பேர். இந்த முறை ‘பிரிட்ஜ்’ என்று ஒரு திட்டத்தை வகுத்தார்கள். வேலை போகப்போவதை முன்கூட்டியே, முகத்துக்கு நேரே சொல்வது. நிறுவனத்துக்குள் வேறு வேலை, வெளியில் வேலை, சொந்தத் தொழில், புதுப் படிப்பு, தனக்கென்று வேறு பாதை என்று ஐந்து வழிகளைக் காட்டி, அதற்குப் பணமும் ஆலோசனையும் தருவது. கடைசி வேலைநாள் அன்று, அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருந்தது. சுமார் 1,000 புதுத் தொழில்கள் பிறந்தன. வேலை போஹுமிலும் போனது, இங்கேயும் போனது. இங்கே கையில் அவகாசம் இருந்தது.

பிறகு நம் ஸ்ரீபெரும்புதூர். 2006இல் உற்பத்தி தொடங்கி, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்த ஆலை. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கும் ஒப்பந்தம் 2014 ஏப்ரலில் முடிந்தபோது, வரித் தகராறில் சொத்து முடங்கியிருந்ததால் இந்த ஆலை மட்டும் வெளியே நின்றுவிட்டது. விருப்ப ஓய்வில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு ஓடிய ஆலையும் அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நின்றது. ஹாஸ்டல் அறையில் தங்கி ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்த இளம்பெண்களின் எதிர்காலம், வரித்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் இரண்டு பன்னாட்டு நிறுவனங்களுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதுபோன்ற நேரத்தில் உள்ளூர் மேலாளருக்கே விடை தெரியாது. அப்போது அவர் என்ன சொல்வது? தெரியாது என்றுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது இது, தெரியாதது இது, அது தெரியவரும் நாள் இது, அன்று விடை வராவிட்டாலும் இதே இடத்தில், இதே நேரத்துக்கு நான் வந்து நிற்பேன். இந்த நான்கைச் சொன்னால் போதும். தேதியோடு சொல்லப்படும் ‘தெரியாது’ மனிதரைத் தூங்க விடும். தேதியில்லாத ‘பார்க்கலாம்’ விடாது.

முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லி நிறுத்திவிடுவதும் உண்டு. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலைக்கு அடுத்த ஆண்டு நடுப்பகுதி வரை கெடு. கிட்டத்தட்ட பத்து மாதம். நல்ல அவகாசம்தான். ஆனால் இழப்பீட்டுத் தொகை குறித்த பேச்சு முடியாமல் இழுத்து, 2022 மே-ஜூனில் தொழிலாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். எப்போது மூடுவீர்கள் என்பதற்கு அடுத்து, என் கைக்கு என்ன வரும் என்று வீட்டில் கேட்பார்கள். அது தெரியாமல் கையிலிருக்கும் பத்து மாதத்தை வைத்து ஒரு திட்டமும் போட முடியாது.

‘வெளியே தெரிந்தால் கெட்டது’

நிர்வாகத் தரப்பின் தயக்கங்கள் அத்தனையும் சாக்குகள் அல்ல. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம், விலையைப் பாதிக்கும் செய்தியை அறிவிப்புக்கு முன் கசிய விட முடியாது. செபியின் உள்வணிகத் தடை விதிகள் கழுத்தைப் பிடிக்கும். போட்டியாளர் காதுக்குப் போய்விடும், ஆர்டர் கொடுத்தவர் பின்வாங்குவார், திறமைசாலிகள் முதலில் போவார்கள் என்ற அச்சங்களும் நியாயமானவை.

ஆனால் முடிவை ரகசியமாக வைப்பது வேறு, முடிவு வெளியான பிறகும் விவரங்களைப் பூட்டி வைப்பது வேறு. ஊழியர் தன் நிறுவனத்தின் இணைப்புச் செய்தியைத் தொலைக்காட்சியின் ஓடுவரியில் பார்த்துத் தெரிந்துகொள்ள எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அதே நிமிடத்தில் அவருக்கும் சொல்லலாம். திறமைசாலிகள் போய்விடுவார்கள் என்பதற்கும் என் அனுபவம் நேர்மாறானது. வெளியில் எளிதாக வேலை கிடைக்கக்கூடியவர் யாரோ அவர்தான் வதந்திக்கு முதலில் கிளம்புகிறார். வழியில்லாதவர் உட்கார்ந்து பயப்படுகிறார்.

2019 ஆகஸ்ட் 30 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, ஒருவருக்கும் வேலை போகாது என்று நிதியமைச்சர் உறுதி சொன்னார். தேவையான உறுதிமொழிதான். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது இன்னும் சின்னக் கேள்வி. ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கிளைகளில் எது இருக்கும்? சீனியாரிட்டி எப்படிச் சேரும்? என்னை எந்த ஊருக்குப் போடுவீர்கள்? டெல்லியிலிருந்து சொல்லக்கூடியது பெரிய பதில். சின்னக் கேள்விக்கு வட்டார அலுவலகத்தில்தான் யாராவது உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் 21 நாள்

இதையெல்லாம் நிர்வாகத்தின் பெருந்தன்மையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஷிப்ட் முறையை மாற்றுவது, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவருவது போன்றவற்றுக்கு முன்னறிவிப்பு கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த 21 நாள் தொடர்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இரு தரப்பும் உட்காரும் பணிக்குழு அமைக்கவும் வழியுண்டு. இன்னொரு பக்கம், ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆலைகளில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு பாதுகாப்பு இப்போது இல்லை. முதலாளி முன்கூட்டி வாய் திறப்பது அங்கே முன்னைவிட அவசியமாகிறது.

முன்னறிவிப்பு என்று ஒட்டப்படும் தாளையும் பார்த்திருக்கிறேன். வக்கீல் எழுதிய மொழி, இரண்டு பக்கம். அதைப் படித்துவிட்டுத் தொழிலாளி முதலில் போவது தன் சூப்பர்வைசரிடம். அவருக்கோ, தாளில் இருப்பதற்கு மேல் ஒரு வரியும் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால் பொய்யாகும். தெரியாது என்றால் மதிப்புப் போகும். மாற்றம் என்று வந்தால் நிர்வாகம் முதலில் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியது இந்த நடுவாளைத்தான். காண்டிராக்ட் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். கூட்டத்துக்கு அவரை அழைப்பதே இல்லை; நாளைக்கு கேட் பாஸ் இல்லை என்று செக்யூரிட்டி சொல்லும்போதுதான் அவருக்கு நிறுவனத்தின் மாற்றம் தெரிகிறது.

இப்போது ‘டவுன்ஹால்’ கூட்டங்கள் நாகரிகமாகிவிட்டன. மேடை, பூங்கொத்து, தலைமை அதிகாரியின் புன்னகை எல்லாம் இருக்கும். கேள்விகளை மட்டும் முன்கூட்டியே மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும். திறந்து பேசுவது என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல் இருக்கிறது: அந்தக் கூட்டத்தில் கீழேயிருந்து வந்த ஒரு பேச்சால் மேலேயிருந்த ஒரு முடிவாவது மாறியதா? ஹார்வுட் ஆலையின் ரேட்டும் வேலைமுறையும் அப்படித்தான் அமைந்தன. ஒன்றும் மாறாது என்றால் கூட்டமே வேண்டாம், சுற்றறிக்கை போதும். கேட்பதுபோல் நடிப்பது, கேட்காமலிருப்பதைவிட ஆழமாகக் காயப்படுத்தும்.

மூன்று மாதம் கழித்து

எங்கள் பம்ப்செட் ஆலை மூடப்படவில்லை. பிப்ரவரி நடுவில் ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. உள்ளே தணிக்கையாளரின் ஒரு வரிக் குறிப்பு: எல்லா காண்டிராக்டுகளும் இனி மார்ச் 31இல் முடியும்படி மாற்றவும். ஜனவரியில் தொடங்கிய கேன்டீன் காண்டிராக்டுக்கு மார்ச் வரை மூன்று மாதம். அவ்வளவுதான் விஷயம். லேத்தைப் போட்டோ எடுத்தவர்கள் புதிய சி.என்.சி. மெஷின் விற்பவர்கள்.

அதற்குள் டூல்ரூமில் இரண்டு நல்ல ஃபிட்டர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அசெம்பிளியில் ஒருவர், கையில் காசு இருக்கட்டும் என்று தன் ஏலச் சீட்டைப் பெரும் தள்ளுபடியில் எடுத்திருந்தார். அந்த ஃபைலைப் படித்த நானும் கேன்டீனுக்குப் போய் விவரத்தைச் சொல்லவில்லை. என் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமல்ல என்று இருந்துவிட்டேன். மறு வருடம் சி.என்.சி. மெஷின்கள் லாரியில் வந்து இறங்கியபோது, ஒருவருக்கும் வேலை போகாது என்று மேலாளர் சொன்னது உண்மை. ஆனால் நம்பியவர்கள் குறைவு.

ஏப்ரல் முதல் தேதி கேன்டீனுக்குப் பன்னிரண்டு மாதக் காண்டிராக்ட் வந்தது. அதற்கு முன்பே அவர் பெரிய இட்லிக் கொப்பரையை விற்று, உதவிக்கு இருந்த இரண்டு பையன்களை ஊருக்கு அனுப்பியிருந்தார். அந்த வருடம் முழுக்க எங்களுக்கு இட்லி தாமதமாகத்தான் வந்தது.